கோபுரம் இல்லையேல் வழியும் இல்லையா?

விடுமுறைக்கு வரும் புலம்பெயர் உறவினரும், கொழும்பிலிருந்து மலையகம் செல்லும் நண்பர்களும் தவறாமல் சொல்லும் வாசகம் ஒன்றுண்டு: "அங்கே சிக்னல் இல்லை, மெப் வேலை செய்யாது." படித்தவர்களே இப்படிச் சொல்வதுதான் எனக்கு வியப்பு. இந்த நம்பிக்கையால் பயனடைவோர் ரோமிங் பொதி விற்போர் மட்டுமே.

கைத்தொலைபேசி தன் இருப்பிடத்தை அறிவதற்குத் தொலைபேசிக் கோபுரம் கட்டாயமன்று. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செய்மதிகளின் சமிக்ஞையை அது வெறுமனே வாங்கிக்கொள்கிறது. நான்கு செய்மதிகள் தென்பட்டால் போதும். கட்டணம் கிடையாது. பொதுமக்களுக்கான சமிக்ஞையின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வந்த அமெரிக்கா, 2000 மே மாதத்தில் அதையும் கைவிட்டுவிட்டது. கோபுரம் இருந்தால் முதல் தடவை இடத்தைக் கண்டுபிடிப்பது விரைவாகும். இல்லாவிட்டால் திறந்த வானத்தின் கீழ் ஓரிரு நிமிடமோ சற்று அதிகமோ காத்திருக்க வேண்டும். நம்மவர்கள் அந்த இடைவெளிக்குள் "வேலை செய்யவில்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அங்கே இல்லாமற் போவது வரைபடம்தான். அதைப் புறப்படுமுன் வீட்டு இணைப்பிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம்.

பெரிய நிறுவனங்களும் இதை உரத்துச் சொல்வதில்லை. கூகிளில் தரவிறக்கிய வரைபடம் புதுப்பிக்கப்படாவிட்டால் காலாவதியாகும். இணைப்பின்றி அது வாகனத்துக்கு வழி சொல்லும், நடப்பவனுக்குச் சொல்லாது. அப்பிள் இந்த வசதியைத் தந்ததே 2023இல்தான். இணைப்பில் இல்லாத பயணியிடம் விளம்பரம் காட்ட முடியாது என்பதே காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் என்னும் பொதுமக்கள் வரைபடத்தை வைத்து இயங்கும் ஓர்கானிக் மெப்ஸ், ஒஸ்மாண்ட் போன்ற செயலிகள் நடப்பவனுக்கும் வழி காட்டுகின்றன. ஆனால் அவற்றுக்குத் தொலைக்காட்சி விளம்பரம் இல்லையே!

உடனே சிலர் மில்டூராவை இழுப்பார்கள். 2012 டிசெம்பரில் அவுஸ்திரேலியாவின் மில்டூரா நகரைத் தேடிச் சென்ற சாரதிகளை அப்பிள் வரைபடம் சுமார் 70 கிலோமீற்றர் தள்ளி ஒரு தேசிய வனத்துக்குள் கொண்டுபோய் விட்டது. சிலர் 24 மணி நேரம் வரை உணவும் நீருமின்றித் தவித்ததாகவும், தொலைபேசித் தொடர்பு தேடி நெடுந்தூரம் நடந்ததாகவும் விக்டோரியா பொலிஸார் எச்சரித்தனர். வெப்பம் 46 பாகை வரை ஏறக்கூடிய பூமி அது. இந்தச் சம்பவத்தை என் கட்சிக்கே நான் சாட்சியாக அழைப்பேன். அவர்கள் கையில் இன்னொரு வரைபடம், செயலியோ தாளோ, இருந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துத் திரும்பியிருக்கலாம்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே அற்றுப்போயின. மண் சரிந்து வீதிகள் மறைந்தன. நேற்றுத் தரவிறக்கிய வரைபடத்துக்கு இன்று காலை சரிந்த வீதி தெரியாது. அந்த விடயத்தில் ஊரவரைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆனால் ஊரவர் சொல்லும் பெயர் வரைபடத்தில் இருக்க வேண்டுமே. தோட்டத்துக்கு ஏட்டில் ஓர் ஆங்கிலப் பெயர், தொழிலாளர் நாவில் ஒரு தமிழ்ப் பெயர். இரவில் 1990ஐ அழைக்கும் ஒரு தாய் இரண்டாவதைத்தான் சொல்வாள். அம்புலன்ஸ் சாரதி அதைத் தேடினால் ஒன்றும் வராது. அதற்குக் கோபுரம் என்ன செய்யும்?

ஊர்ப் பெயர்கள் சிங்களமயமாகின்றன என்று மேடைதோறும் முழங்குவோரையும், ஒரு பெயரின் வேர்ச்சொல்லுக்காக இணையத்தில் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவோரையும் நான் அறிவேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்பில் எந்த ஊருக்கும் தமிழ்ப் பெயரைத் தனியாகப் பதிவதற்கு இடமுண்டு. அனுமதி கேட்க வேண்டியதில்லை, அமைச்சரைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு கணக்கைத் திறந்தால் போதும். வன்னியில் யுத்த காலத்தில் பையில் வரைபடம் அகப்பட்டாலே சந்தேகத்துக்கு ஆளாக நேர்ந்த தலைமுறை நாம். இன்று நாமே வரையலாம் என்றபோது எவருக்கும் நேரமில்லை.

இந்த விடுமுறைக்கு வருவோர் கொழும்பில் இறங்குமுன் இலங்கை முழுவதையும் தரவிறக்கிக்கொள்ளுங்கள். பாட்டி பிறந்த லயத்தைப் பார்க்கப் போனால், அங்குள்ளோர் அந்த இடத்தை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். விடுதிக்குத் திரும்பி அதைப் பதிவதற்குப் பத்து நிமிடம் ஆகும்.