ஒரு மணி, இரு பொருள்

கோலார் தங்க வயல் சுரங்கங்கள் 2001-ல் மூடப்படும் வரை தமிழ்த் தொழிலாளியின் உயிர் மணியோசையை நம்பியிருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். கூண்டை இயக்குபவர் மேலே, ஆட்கள் கீழே. இடையில் மணிதான் பேச்சு.

இந்தியச் சுரங்க விதிப்படி, நிற்கும் கூண்டுக்கு ஒரு மணி என்றால் ‘மேலே தூக்கு’. ஓடும் கூண்டுக்கு அதே ஒரு மணி ‘நிறுத்து’. பொறுமையிழந்து மறுபடி அடித்தால்? கிளம்பிய கூண்டு நடுவழியில் நிற்கும்.

இன்று தங்க வயல் பிள்ளைகள் ரயிலேறிப் போகும் பெங்களூரு அலுவலகங்களில் கம்ப்யூட்டர்களுக்கும் இதே சிக்கல். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-ல் உருவாக்கிய என்.எஃப்.எஸ்., வேறு இயந்திரத்திலுள்ள ஃபைலை நம்முடையது போலக் காட்டும். பதில் தாமதித்தால் அதே கோரிக்கையை மீண்டும் அனுப்பும். ‘ஃபைலைப் படி’ என்று பத்து முறை கேட்டாலும் நஷ்டமில்லை. ‘அழி’ என்பது அப்படியல்ல. ஃபைல் அழிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கும். மறுபடி கேட்டால் ‘அப்படியொரு ஃபைலே இல்லை’ என்று வரும். அதனால்தான் சர்வர் சமீபத்திய பதில்களை நினைவில் வைத்து, பழைய கோரிக்கைக்குப் பழைய பதிலையே தருகிறது.

எத்தனை நேரம் காத்திருப்பது? ‘சாஃப்ட்’ என்று அமைத்தால் சில முயற்சிகளோடு கைவிட்டுவிடும். எழுதிக்கொண்டிருந்த தகவல் பாழாகலாம். ‘ஹார்டு’ என்றால் சர்வர் மீளும்வரை விடாது. ஊழியர் முணுமுணுப்பார், சம்பளக் கணக்கு தப்பும். அழியக் கூடாத தகவலுக்கு ஹார்டுதான் சரி.

பதில் வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று பொருளல்ல. மறுபடி மணியடிக்கும் முன் இதை நினைப்பது நல்லது.