கடைக்கு வந்து சேராத இசைத்தட்டுகள்

பிக் ஸ்டார் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் ஒன்றைச் சொல்வார்கள்: அவர்கள் காலத்துக்கு முன்னே பிறந்துவிட்டவர்கள், அன்றைய ரசிகர்களுக்கு அவர்களைப் புரியவில்லை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1972-இல் அவர்கள் போட்ட பாடல்களில் புரியாமல் போக ஒன்றுமே இல்லை. பெரும்பாலும் மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும், ஒருமுறை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டுகள். பீட்டில்ஸையும் பேர்ட்ஸையும் கேட்டு வளர்ந்த எந்த இளைஞருக்கும் அவை பிடித்திருக்கும். கேட்டிருந்தால்! கேட்பதற்குத் தட்டு கடையில் இல்லை. நடந்தது அவ்வளவுதான். அதன்பிறகு இருபது ஆண்டுகள் ரசிகர்கள் காட்டிய அன்பைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது. ஒரு விநியோகக் கம்பெனி செய்யாமல் விட்ட வேலையைச் சம்பளம் வாங்காமல் கைக்குக் கை செய்து முடித்தவர்கள் அவர்கள்.

டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் ஜான் ஃப்ரை என்பவர் ஆர்டென்ட் என்ற ஒலிப்பதிவு ஸ்டூடியோவை நடத்திவந்தார். ஊரில் இசைப் பைத்தியம் பிடித்த பையன்களுக்கு ஒலிப்பதிவு நுட்பத்தைக் கற்றுக்கொடுத்து, இரவில் வேலை இல்லாத நேரத்தில் ஸ்டூடியோவை அவர்களிடமே விட்டுவிடுவார். அப்படி உள்ளே வந்தவர்களில் ஒருவர் கிறிஸ் பெல். பாஸ் கிதார் வாசித்த ஆண்டி ஹம்மலும் டிரம்ஸ் வாசித்த ஜோடி ஸ்டீஃபன்ஸும் அவரோடு சேர்ந்தார்கள். 1971-இல் நான்காவதாக வந்தவர் அலெக்ஸ் சில்டன். அவர் அப்போதே பழைய நட்சத்திரம். 1967-இல், பதினாறு வயதில், பாக்ஸ் டாப்ஸ் குழுவுக்காக அவர் பாடிய 'தி லெட்டர்' அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்திருந்தது. இரண்டு நிமிடம்கூட நிறையாத பாட்டு. அந்தக் கரகரத்த குரலைக் கேட்டவர்கள் நாற்பது வயது ஆள் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அந்தக் குழுவில் எதைப் பாடுவது, எப்படிப் பாடுவது என்பதை மற்றவர்கள் தீர்மானித்தார்கள். சொந்தமாக எழுதவேண்டும் என்ற ஆசையோடு அவர் வெளியே வந்தார். மெம்ஃபிஸ் வந்ததும் பெல்லும் அவரும் லெனன்–மெக்கார்ட்னி பாணியில் இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டுப் பாடல் எழுதத் தொடங்கினார்கள். குழுவுக்கு உள்ளூர் மளிகைக் கடை ஒன்றின் பெயரை வைத்தார்கள். முதல் ஆல்பத்துக்கு 'நம்பர் 1 ரெக்கார்டு' என்று பெயர்.

அந்த ஆல்பத்தில் 'தர்ட்டீன்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. டிரம்ஸ் கிடையாது. இரண்டு அக்கூஸ்டிக் கிதார், சில்டனின் மெல்லிய குரல், பின்னால் சேர்ந்து ஒலிக்கும் குரல்கள். பள்ளி விட்டதும் கூடவே நடந்து வரட்டுமா என்று ஒரு பெண்ணிடம் கேட்கும் சிறுவனின் பாட்டு. பாக்ஸ் டாப்ஸில் முதியவர் போலப் பாடிய அதே சில்டன், இருபதுகளின் தொடக்கத்தில் பதின்மூன்று வயதுப் பையனாகப் பாடுகிறார். கேலி இல்லை, பெரியவர்களின் புன்சிரிப்பு இல்லை. அந்த வயதின் தயக்கம் மட்டும் இருக்கிறது. எத்தனையோ காதல் பாடல்கள் வந்துவிட்டன, இந்த வயதை இவ்வளவு மரியாதையாக நடத்திய இன்னொன்றை ராக் இசையில் நான் கேட்டதில்லை.

விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். அதில் எந்தப் பாட்டையும் தனியாக வெளியிடலாம் என்றுகூட வணிகப் பத்திரிகை எழுதியது. ஆனால் ஆர்டென்டின் தட்டுகளைக் கடைகளுக்கு அனுப்பும் பொறுப்பு ஸ்டாக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. ஸோல் இசைக்கு ஸ்டாக்ஸை விட்டால் ஆள் இல்லை. வெள்ளைக்காரப் பையன்களின் கிதார் பாப் இசையை எந்தக் கடைக்கு, எந்த வானொலிக்குக் கொண்டுபோவது என்ற வழி அதற்குத் தெரியவில்லை. 1972-இல் ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தைக் கொலம்பியா நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்த ஒப்பந்தத்தைப் போட்ட கிளைவ் டேவிஸ் அடுத்த ஆண்டு மே மாதம் கொலம்பியாவிலிருந்து நீக்கப்பட்டார். அதோடு அங்கே அக்கறையும் போனது. விமர்சனம் படித்துவிட்டுக் கடைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். 'நம்பர் 1 ரெக்கார்டு' வெளியான சமயத்தில் பத்தாயிரம் பிரதிகூட விற்கவில்லை.

பெல்லை அது உடைத்துப்போட்டது. அந்த ஆல்பத்தின் ஒலியைச் செதுக்கியதில் பெரும்பங்கு அவருடையது. பாராட்டெல்லாம் ஏற்கெனவே பிரபலமான சில்டனுக்குப் போவதைப் பார்த்து மனம் கசந்து, 1972 முடியுமுன் விலகிவிட்டார். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1973 மே மாதம் ராக் இசை எழுத்தாளர்களை ஊர் ஊராகத் திரட்டி மெம்ஃபிஸில் ஒரு மாநாடு நடத்தினார்கள். மிச்சமிருந்த மூவரும் அங்கே வாசித்தார்கள். பேனாவும் கையுமாக நிற்கிற கூட்டம் அன்று எழுந்து ஆடியது. குழுவின் முதல் ரசிகர் மன்றம் என்று சொன்னால் அந்தக் கூட்டத்தைத்தான் சொல்லவேண்டும். அந்த உற்சாகத்தில்தான் இரண்டாவது ஆல்பமே உருவானது.

1974-இல் வந்த 'ரேடியோ சிட்டி'யின் அட்டையில் வில்லியம் எகிள்ஸ்டன் எடுத்த, ரத்தச் சிவப்புக் கூரையும் வெறும் பல்பும் உள்ள படம். இன்று அது புகைப்பட வரலாற்றில் இடம்பெற்ற படம். எகிள்ஸ்டன் சில்டன் குடும்பத்துக்கு நண்பர் என்பதால் கிடைத்தது. உள்ளே 'செப்டம்பர் கேர்ள்ஸ்'. மணி அடித்ததுபோல் கிதார் தொடங்கும். ஸ்டீஃபன்ஸின் டிரம்ஸ் தடுமாறி விழப்போவதுபோல் உருண்டு வந்து சரியான இடத்தில் நிற்கும். மூன்று நிமிடம் ஆகுமுன் முடிந்துவிடும். உடனே ஊசியை எடுத்து மறுபடி வைக்கத் தோன்றும். கொலம்பியாவும் ஸ்டாக்ஸும் அப்போது பணத் தகராறில் இருந்தன. சுமார் இருபதாயிரம் பிரதிகளோடு அதுவும் நின்றது. ஹம்மல் கல்லூரிக்குத் திரும்பினார், பிறகு டெக்சாஸில் பொறியாளரானார்.

சில்டனும் ஸ்டீஃபன்ஸும் ஜிம் டிக்கின்சன் என்ற தயாரிப்பாளரோடு 1974-இல் மூன்றாவது ஆல்பத்துக்காகப் பதிவு செய்தவற்றை எந்தக் கம்பெனியும் வாங்கவில்லை. 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவாலானது. அந்தப் பதிவு வெளிச்சம் கண்டது 1978-இல். அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று கிறிஸ் பெல் மெம்ஃபிஸில் கார் மின்கம்பத்தில் மோதி இறந்தார். வயது இருபத்தேழு. குடும்பத்தாரின் உணவகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அண்ணன் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போய்ப் பதிவு செய்ய வைத்திருந்தார். அவருடைய தனிப் பாடல்களில் இரண்டு மட்டுமே அவர் உயிரோடு இருக்கும்போது தட்டாக வந்தன.

அந்தத் தட்டை வெளியிட்டவர் கிறிஸ் ஸ்டேமி என்ற இளம் இசைக்கலைஞர், பிக் ஸ்டாரின் ரசிகர். இதைத்தான் வேலை என்கிறேன். தன்னிடம் இருந்த சின்னஞ்சிறு லேபிளில் பெல்லின் பாட்டை அச்சேற்றினார். இங்கிலாந்தில் முதல் இரண்டு ஆல்பங்களும் இரட்டைத் தட்டாக 1978-இல் வந்தன. தட்டு கிடைத்தவர் கேசட்டில் எடுத்து நண்பருக்குக் கொடுத்தார். நண்பர் ஒரு குழு தொடங்கினார். அந்தக் குழு பேட்டிகளில் பிக் ஸ்டார் பெயரைச் சொன்னது. பேட்டியைப் படித்தவர் பழைய தட்டுக் கடைகளில் துழாவினார். ஆர்.இ.எம். குழு இப்படி ஓயாமல் சொன்னது. 1984-இல் திஸ் மார்ட்டல் காயில் குழு அந்த மூன்றாவது ஆல்பத்திலிருந்து இரண்டு பாடல்களைப் பாடி வெளியிட்டது. 1986-இல் பேங்கிள்ஸ் குழு 'செப்டம்பர் கேர்ள்ஸ்' பாடலைத் தங்கள் ஆல்பத்தில் சேர்த்தது. ஆல்பம் பெரிய அளவில் விற்க, எழுதியவருக்கான பங்கு சில்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. ரிப்ளேஸ்மென்ட்ஸ் குழு மெம்ஃபிஸுக்கே வந்து, அதே ஆர்டென்ட் ஸ்டூடியோவில், அதே டிக்கின்சனைத் தயாரிப்பாளராக வைத்து ஒரு ஆல்பம் செய்தது. 1987-இல் வெளியான அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டின் தலைப்பே 'அலெக்ஸ் சில்டன்'. ஸ்காட்லாந்தின் டீனேஜ் ஃபேன்கிளப் குழு 1991-இல் போட்ட தட்டைக் கேட்டால் 'ரேடியோ சிட்டி'யை எத்தனை முறை தேய்த்திருக்கிறார்கள் என்பது முதல் பாட்டிலேயே விளங்கிவிடும். 1992-இல் ரைகோடிஸ்க் நிறுவனம் மூன்றாவது ஆல்பத்தையும் பெல்லின் தனிப் பாடல்களையும் சிடியாகக் கொண்டுவந்தது. பாடல்கள் ஒருவழியாகக் கடைக்கு வந்துவிட்டன, இருபது ஆண்டு தாமதமாக.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது சில்டன் எங்கே இருந்தார்? எண்பதுகளின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸில் உணவகத்தில் பாத்திரம் கழுவினார், மரம் வெட்டும் வேலைக்குப் போனார். பிறகு மேடைக்குத் திரும்பியபோது, பிக் ஸ்டார் பாட்டைக் கேட்க வந்தவர்களுக்குப் பழைய ரிதம் அண்ட் புளூஸ் பாட்டையும் ஜாஸ் பாட்டையும் இத்தாலியப் பாப் பாட்டையும் பாடிக் காட்டினார். பிக் ஸ்டாரை மிகைப்படுத்துகிறார்கள் என்று பேட்டிகளில் சொன்னார். ரசிகர்களில் பலருக்கு இது வலித்தது. நன்றி கெட்டவர், தன் மேதைமை தனக்கே தெரியாதவர் என்றெல்லாம் எழுதினார்கள். நான் இதில் சில்டன் பக்கம். இருபத்து மூன்று வயதில், உடைந்த மனநிலையில், கடுங்குடிக்கு இடையில் பதிவுசெய்த பாடல்களை ஒருவர் வாழ்நாளெல்லாம் சுமந்து திரியவேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை? ரசிகர்கள் அவருடைய சரிவைக் காவியமாக்கி அதன்மேல் காதல் கொண்டார்கள். அவருக்கு அது சம்பளம் வராத ஒரு கெட்ட காலம். அதிலிருந்து நடந்தே வெளியேறினார். பாடலை நேசிப்பது வேறு, எழுதியவர் அந்தப் பாடலிலேயே குடியிருக்கவேண்டும் என்று அடம்பிடிப்பது வேறு. நல்ல ரசிகர்கள்கூட இந்த எல்லையைத் தாண்டியிருக்கிறார்கள்.

அதனால்தான் 1993-இல் நடந்தது எனக்கு அதிசயமாகப் படுகிறது. மிசூரி பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் வளாக வானொலியின் சார்பில் பிக் ஸ்டார் மறுபடி மேடையேறுமா என்று கேட்டார்கள். பெரிய முதலாளிகள் யாரும் இல்லை, மாணவர்கள். சில்டன் சரி என்று சொல்லிவிட்டார். பெல் இடத்துக்கும் ஹம்மல் இடத்துக்கும் போஸீஸ் குழுவின் ஜான் அவரும் கென் ஸ்டிரிங்ஃபெல்லோவும் வந்தார்கள். ஒவ்வொரு குரல் சேர்க்கையும் மனப்பாடமாகத் தெரிந்த ரசிகர்கள் அவர்கள். ஏப்ரல் 25 அன்று வாசித்தார்கள். ஒருநாள் கூத்தாக முடியும் என்று நினைத்த அந்தக் கூட்டணி 17 ஆண்டுகள் நீடித்தது. முதல் பிக் ஸ்டார் நீடித்தது நான்கு ஆண்டுகளுக்கும் குறைவு. ரசிகர்கள் கட்டிய குழு அசலைவிட நீண்ட காலம் வாழ்ந்தது என்பதை ராக் வரலாற்றில் இன்னும் அழுத்தமாக எழுதவேண்டும்.

ஆனால் அன்பால் முடியாததும் இருந்தது. பெல்லும் சில்டனும் எழுதிய 'இன் தி ஸ்ட்ரீட்' 1998-இல் தொடங்கிய 'தட் செவன்ட்டீஸ் ஷோ' என்ற தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாடலானது. கோடிக்கணக்கானோர் வீட்டில் ஒலித்தது. ஒவ்வொரு ஒளிபரப்புக்கும் தனக்கு 70 டாலர் வருவதாகச் சில்டன் சொன்னார். 2005-இல் கத்ரினா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது ஊரைவிட்டுப் போகாமல் வீட்டிலேயே இருந்தார், அவரிடமிருந்து தகவல் இல்லாமல் ரசிகர்கள் தவித்தார்கள், ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார். 2010 மார்ச் 17 அன்று மாரடைப்பில் இறந்தார். வயது 59. முந்தைய நாட்களிலேயே மூச்சுத் திணறல் இருந்தும் மருத்துவரிடம் போகவில்லை, மருத்துவக் காப்பீடு இல்லாததும் ஒரு காரணம் என்று மனைவி பிறகு சொன்னார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் மெம்ஃபிஸ் உறுப்பினர் எழுந்து அஞ்சலி செலுத்தினார். அந்த மரியாதை அவருக்குத் தகும். ஆனால் மூன்று தலைமுறை இசைக்கலைஞர்கள் கடன்பட்ட ஒருவர் டாக்டரைப் பார்க்கச் செலவு பார்த்தார் என்பதை எந்த அஞ்சலியோடும் சமன்செய்ய எனக்கு மனம் வரவில்லை. பாடல்கள் உரிய நேரத்தில் கடைக்குப் போயிருந்தால் இப்படி நடந்திருக்காது.

டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் சில்டன் இறந்த அந்த வாரம் பிக் ஸ்டார் வாசிப்பதாக இருந்தது. நிகழ்ச்சியை ரத்து செய்யாமல் அஞ்சலியாக நடத்தினார்கள். புற்றுநோயோடு இருந்த ஹம்மலும் வந்து வாசித்தார். ஜூலையில் அவரும் போய்விட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஸ்டேமி, பெல்லின் தட்டை அச்சேற்றிய அதே ஸ்டேமி, மூன்றாவது ஆல்பம் முழுவதையும் வயலின் செல்லோ எல்லாம் சேர்த்து மேடையில் வாசிக்க ஏற்பாடு செய்தார். வட கரோலினாவில் தொடங்கிய அது நியூயார்க், லண்டன் என்று பல ஊர்களுக்குப் போனது. எஞ்சியிருக்கும் ஒரே உறுப்பினரான ஜோடி ஸ்டீஃபன்ஸ் அந்த மேடைகளில் டிரம்ஸ் வாசித்தார், பாடவும் செய்தார்.

புதிதாகக் கேட்க வருகிறவர்களை ரசிகர்கள் பெரும்பாலும் அந்த இருண்ட மூன்றாவது ஆல்பத்துக்குத்தான் அனுப்புகிறார்கள். அங்கே தொடங்க வேண்டாம் என்பது என் யோசனை. 'நம்பர் 1 ரெக்கார்டு' ஆல்பத்தை முதலிலிருந்து போடுங்கள். முதல் பாட்டு 'ஃபீல்'. கத்திக்கொண்டு மேலே ஏறும் அந்தக் குரல் கிறிஸ் பெல்லுடையது. சில்டன் பெயரில் நாம் கொண்டாடும் குழுவை ஆரம்பித்தவர் அவர்.