விண்வெளியில் ஒரு வழுவமைதி



சென்ற திங்களின் கடைசி ஞாயிறன்று நம் சங்கக் கூடத்தில் சிறுவர்களுக்கென்று ஒரு படம் காட்டினார்கள். 1977-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டினரான ஜார்ஜ் லூகாஸ் எடுத்த 'ஸ்டார் வார்ஸ்' என்னும் விண்வெளிக் கதை அது. பழைய படமேயாயினும் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர்களாகிய நாங்கள் முணுமுணுத்த வண்ணம் இருந்தோம். படம் முடிந்ததும், "இத்தகைய பொய்களைக் காட்டிப் பிள்ளைகளின் அறிவைக் கெடுக்க வேண்டுமா? இனி இது வேண்டாமென்று தீர்மானம் கொண்டு வருவோம்" என்றார் ஒருவர். அவரை ஆமோதித்தவர்களில் நானும் ஒருவன். அத்தீர்மானம் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் விவாதத்திற்கு வருகிறது. அதற்குள் என் கருத்து மாறிவிட்டது. மாறிய காரணத்தை இப்பகுதியில் கூறிவிடுவது முறையென்று கருதுகிறேன்.

அன்றிரவு வீடு திரும்பும் வழியில், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் தமக்கை மகனிடம் படத்தின் பிழை ஒன்றை எடுத்துக் காட்டினேன். அப்படத்தில் ஹான் சோலோ என்னும் கப்பலோட்டி வருகிறான். தன் விண்கப்பலின் வேகத்தைப் பற்றிப் பெருமையடிக்கும்போது, கெஸ்ஸல் என்னும் இடத்துப் பயணத்தைப் பன்னிரண்டு பார்செக்கிற்கும் குறைவாக முடித்த கப்பல் இது என்கிறான். பார்செக் என்பது காலத்தின் அளவன்று, தூரத்தின் அளவு. பூமிக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள தூரம் ஒரு விகலை, அதாவது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு, கோணமாகத் தோன்றும் தொலைவு எதுவோ அதுவே ஒரு பார்செக். கணக்கிட்டால் 3.26 ஒளியாண்டு, கிலோமீட்டரில் ஏறத்தாழ 31 லட்சம் கோடி. "சென்னைக்கு எத்தனை மணி நேரத்தில் போனாய் என்று கேட்டால், ஆயிரம் கிலோமீட்டரில் போனேன் என்று எவனாவது விடை சொல்வானா? தூரத்திற்கும் காலத்திற்கும் பேதம் தெரியாதவன் எழுதிய கதை!" என்று நகைத்தேன். பையன் வாய் திறக்கவில்லை. அவன் முகம் வாடியதை நான் பொருட்படுத்தவுமில்லை.

மறு ஞாயிறன்று அவன் ஒரு காகிதத்துடன் வந்து நின்றான்.

"மாமா, நீங்கள் சொன்ன பிழைக்கு மூன்று விடைகள் இருக்கின்றன. படித்துப் பாருங்கள்."

படித்தேன். முதல் விடை: சோலோ வேண்டுமென்றே பொய் சொல்கிறான்; எதிரில் இருப்பவர்கள் விவரம் அறிந்தவர்களா, பட்டிக்காட்டார்களா என்று சோதிக்கிறான். இதற்கு ஆதாரமும் உண்டு. அவன் வெளிப்படையான பொய்யைச் சொல்லி மயக்கப் பார்க்கிறான் என்றும், முதியவர் அதை உணர்ந்துகொள்கிறார் என்றும் திரைக்கதை ஏட்டிலேயே குறிப்பு இருக்கிறது. இரண்டாம் விடை: அந்த அண்டத்தில் பார்செக் என்ற சொல்லுக்குக் காலம் என்று பொருள் இருக்கலாம். மூன்றாம் விடைதான் சுவையானது. கெஸ்ஸலுக்கு அருகே, அகப்பட்ட பொருளை விடாது விழுங்கும் கருந்துளைகள் கூட்டமாக இருக்கின்றன. சாதாரணக் கப்பல்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு நெடுவழியில் போகின்றன. வேகமும் துணிவும் உள்ள கப்பலோ அவற்றின் ஓரத்தை ஒட்டிப் பாய்ந்து செல்கிறது. எனவே தூரம் குறைகிறது. குறைந்த தூரமே கப்பலின் பெருமைக்குச் சான்றாகிறது.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது; இம்முறை ஏளனச் சிரிப்பன்று. ரயில்வேயில் வேலை பார்ப்பவனுக்கு இது புரியாத செய்தியா? விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு மாயவரம், தஞ்சை வழியாகப் போவது மெயின் லைன். விருத்தாசலம் வழியாகப் போவது கார்டு லைன். கார்டு லைனில் தூரம் குறைவு. ஹான் சோலோ கருந்துளைகளின் நடுவே ஒரு கார்டு லைன் கண்டுபிடித்துவிட்டான் என்பதே ரசிகர்களின் வாதம். 1990-களில் வெளிவந்த கதை நூல்கள் இவ்விளக்கத்தை ஏற்றுக்கொண்டன. 2018-இல் வெளிவந்த 'சோலோ' என்னும் படத்தில் அந்தப் பயணத்தையே முழுமையாகக் காட்டிவிட்டார்கள். அதிலும் சோலோ பன்னிரண்டு என்று பெருமையடிக்க, அவன் தோழன் உறுமி மறுக்கிறான். கணக்கைக் கீழ்ப்பக்கமாக முழுமையாக்கினால் பன்னிரண்டுதான் என்று சோலோ சமாளிக்கிறான்! ஒரு வரியில் நேர்ந்த பிழையை நாற்பத்தோராண்டு உழைத்து மெய்யாக்கியிருக்கிறார்கள்.

பையனின் காகிதத்தில் இன்னும் பல இருந்தன. விண்வெளியில் காற்றில்லை; காற்றில்லாத இடத்தில் ஓசை பரவாது. ஆயினும் இப்படங்களில் கப்பல்கள் இடிமுழக்கத்தோடு வெடிக்கின்றன. ரசிகர்கள் கூறும் சமாதானம்: வெளியே நிகழ்வதை ஓட்டுநன் உணரும்பொருட்டுக் கப்பலில் உள்ள கருவியே அவ்வோசையை உண்டாக்கிக் காட்டுகிறது. (1968-இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் விண்வெளி மௌனமாகவே இருக்கிறது என்பதையும், மனம் வைத்தால் பிழையின்றி எடுக்க முடியும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.)

1966-இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரில் மனிதர்களை ஒளித்துகள்போல் கரைத்து வேறிடத்தில் மீண்டும் உருவாக்கும் இயந்திரம் வருகிறது. வாராவாரம் கப்பல் தரையிறங்குவதைப் படமெடுக்கப் பணம் போதாமையால் பிறந்த யோசனை அது. ஆனால் ஒரு நுண்துகளின் இடத்தையும் வேகத்தையும் ஒருங்கே துல்லியமாக அறிய இயலாது என்று ஹைசன்பர்க் 1927-இலேயே நிறுவிவிட்டாரே, பின் எவ்வாறு மனிதனை அணு அணுவாக அளந்து அனுப்புவது? பின்னர் வந்த தொடரில் அந்த இயந்திரத்திற்குள் 'ஹைசன்பர்க் ஈடுசெய்வி' என்றொரு உறுப்பைச் சேர்த்துவிட்டார்கள். அஃது எவ்வாறு வேலை செய்கிறது என்று பத்திரிகை கேட்டபோது, தொடரின் கலைஞர்களுள் ஒருவரான மைக்கேல் ஒகுடா, நன்றாகவே வேலை செய்கிறது என்று நன்றியும் கூறி முடித்துக்கொண்டார். இதைவிட நேர்மையான விடை உண்டோ?

இவற்றையெல்லாம் படித்தபோது, பள்ளியில் நம் தமிழாசிரியர் நடத்திய இலக்கணப் பாடம் நினைவுக்கு வந்தது. சொற்களை வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்றாகப் பகுப்பர். விதிப்படி அமைவது வழாநிலை. விதி தவறுவது வழு. தவறேயாயினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. பசு வரக் கண்ட ஒருவன், அன்பின் மிகுதியால் அதை அம்மை வந்தாள் என்று சொன்னால், அஃறிணையை உயர்திணையாகச் சொன்ன குற்றம் அதில் இருக்கிறது. ஆனால் உவப்பினால் சொன்னான் என்று இலக்கணம் அவனை மன்னிக்கிறது. ரசிகர்கள் செய்வதும் இதுவே. தாம் நேசிக்கும் கதையில் ஒரு வழு நேர்ந்தது. உவப்பினால் அதற்கு ஓர் அமைதி தேடுகிறார்கள். தேடுகிற வழியிலே பார்செக்கும் கருந்துளையும் ஹைசன்பர்க்கும் கற்றுக்கொள்கிறார்கள். என் மருமகனுக்குப் பார்செக்கின் இலக்கணம் பாடப் புத்தகத்தால் வரவில்லை. என் ஏளனத்திற்கு விடை தேடியதால் வந்தது.

ஆனால் வழுவமைதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வழு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பசு பசுதான் என்று தெரிந்தே அம்மை என்கிறோம். அந்த அறிவு மறைந்துவிட்டால் அமைதி போய்ப் பொய் நிலைபெறும்.

'ஜுராசிக் பார்க்' என்னும் 1993-ஆம் ஆண்டுப் படத்தையே எடுத்துக்கொள்வோம். குங்கிலியக் கல்லில் அகப்பட்ட கொசுவின் வயிற்று இரத்தத்திலிருந்து டைனசாரின் மரபணுவை எடுத்து, இடையிடையே உள்ள குறைகளைத் தவளையின் மரபணுவால் நிரப்பி, அவ்விலங்கை உயிர்ப்பிப்பதாகக் கதை. நியூசிலாந்தின் மோவாப் பறவை எலும்புகளை ஆராய்ந்தவர்கள், அவ்வெலும்புகளில் மரபணு 521 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாக அழிகிறது என்று 2012-இல் கண்டார்கள். டைனசார்கள் அழிந்து ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டுகளாகின்றன, மிஞ்சியிருக்க எதுவுமில்லை. மேலும் படத்தில் வரும் வெலாசிராப்டருக்கு மெய்யாகவே இறகுகள் இருந்தன என்பதற்கு 2007-இல் அதன் முன்கை எலும்பில் சான்று கிடைத்தது. படத்திலோ அது வெறுந்தோலுடன் திரிகிறது. 2015-இல் வந்த தொடர்ச்சிப் படத்தில், இங்குள்ள விலங்குகள் எவையும் இயற்கையானவை அல்ல, வேறு உயிர்களின் மரபணுவால் குறையை நிரப்பினோம், தூய மரபணுவாயின் தோற்றம் வேறாக இருக்கும் என்று ஒரு விஞ்ஞானி பேசுகிறார். வழுவை ஒப்புக்கொண்டு தேடிய அமைதிக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒப்புக்கொள்ளாததற்கும் எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே இருக்கிறது. 'வைமானிக சாஸ்திரம்' என்றொரு சமஸ்கிருத நூல். பண்டைய பாரத முனிவர் அருளிய விமானக் கலை என்பார்கள். 1974-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து அறிஞர் ஐவர் அதை ஆராய்ந்து, நூல் இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது என்றும், அதில் கண்ட விமானங்கள் பறக்கத் தகுதியற்றவை என்றும் முடிவு கூறினார்கள். அதன் பின்னும் 2015 ஜனவரியில் மும்பையில் நடந்த இந்திய விஞ்ஞான மாநாட்டில், பண்டைக்காலத்தில் நம்மவர் விமானம் ஓட்டினர் என்று மேடையேறிப் பேசினார்கள். புஷ்பக விமானத்தைக் காவியத்தில் வைத்துப் போற்றுவது உவப்பு. அதற்கு எந்திர வரைபடம் காட்டி மெய்யென்று சாதிப்பதில், வழு என்னும் ஒப்புதலே இல்லை.

பிறரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாதிருப்பது தர்மமன்று.

சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வுபெறுவோரின் கணக்கைத் தீர்க்கும் பிரிவில் நான் இருந்தேன். தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவருடைய பணிப்பதிவேட்டில் பதினொரு திங்களுக்கு எந்தப் பதிவும் இல்லை. ஏன் இல்லையென்று தேடியிருக்க வேண்டும். நான் தேடவில்லை. "விடுப்பின்றி ஊருக்குப் போயிருப்பார்; அறுவடைக் காலத்தில் இவர்கள் போவது வழக்கந்தானே" என்று மனத்திற்குள் ஒரு விளக்கம் எழுந்தது. பொருத்தமான விளக்கம், மேலதிகாரியும் கேள்வி கேட்கவில்லை. குறையைத் தவளை மரபணுவால் நிரப்பியவனைப்போல் நான் என் ஊகத்தால் நிரப்பிவிட்டேன். அவருக்கு வர வேண்டிய பணிக்கொடையில் ஒரு தொகை குறைந்தது.

அவர் ஒருநாள் என் மேசை முன் வந்து நின்றார். சண்டையிடவில்லை. "பாபுஜி, அந்த மழைக்காலம் முழுதும் என்னை வேறு பிரிவுக்கு அனுப்பி ஆற்றுப் பாலத்திற்குக் காவல் வைத்தார்களே. இரவெல்லாம் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது எங்கே போயிற்று?" என்று இந்தியில் கேட்டார். வேறு பிரிவின் கட்டு ஒன்றில் அந்த ஏடு கிடந்தது. கண்டெடுத்துத் திருத்தி, அவர் கையில் பணம் சேர எட்டுத் திங்கள் ஆயிற்று. அவர் எனக்கு நன்றி வேறு சொன்னார். அந்த நன்றியை நான் இன்றும் தாங்க முடியாதவனாக இருக்கிறேன்.

ஹான் சோலோவின் பார்செக்கிற்கு மூன்று விளக்கம் எழுதிய சிறுவன், அவை விளக்கங்கள் என்று அறிந்தே எழுதினான். "எது உண்மை?" என்று கேட்டேன். "எழுதியவருக்குத் தெரியவில்லை என்பதும் உண்மையாக இருக்கலாம், மாமா. ஆனால் இப்படி நினைத்தால் நன்றாயிருக்கிறது" என்றான். அலுவலகத்தில் நான் எழுதிய விளக்கத்தை எழுதுகையில் எனக்கு அந்தத் தெளிவு இருந்ததில்லை. பொருத்தமாயிருப்பது வேறு, உண்மையாயிருப்பது வேறு என்னும் பேதத்தை அவன் படம் பார்த்து அறிந்தான். நான் ஒரு முதியவரின் எட்டுத் திங்களைச் செலவிட்டு அறிந்தேன்.

ஆகவே நிர்வாகக் குழுவினருக்கு என் வேண்டுகோள் இது. படக்காட்சியை நிறுத்த வேண்டாம். படம் முடிந்ததும் அரைமணி நேரம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாமல் உட்கார வைப்போம். கரும்பலகையில் இரண்டு பத்தி வரைவோம். ஒன்றில் வழு, மற்றொன்றில் அமைதி. படத்தில் கண்ட பிழைகளை முதற்பத்தியில் அவர்களே எழுதட்டும். எழுதிய பிறகே, அடுத்த பத்தியில் எவ்வளவு கற்பனை வேண்டுமானாலும் செய்யட்டும். முதற்பத்தியை அழித்துவிட்டு இரண்டாவதை எழுதக் கூடாது என்பது ஒன்றே விதி. இந்தியிலும் ஆங்கிலத்திலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பில் எட்டாத தமிழிலக்கணம் ஒன்று இவ்வழியாக வந்து சேருமானால், அதுவும் லாபமே.

கரும்பலகைக்குரிய சுண்ணக்கட்டியை நான் வாங்கி வருகிறேன். முதற்பத்தியின் முதல் வரியை எழுதவும் ஒப்புக்கொள்கிறேன். எழுத என்னிடம் ஒன்று இருக்கிறது.

அடுத்த திங்கள் சந்திப்போம்.