இலவச இரவின் விலை

ஆபீஸில் யாரைக் கேட்டாலும் "மேரியட் போன்வாய் ஹெச்டிஎஃப்சி கார்டு வாங்கிடு" என்கிறார்கள். 2023இல் வந்த கார்டு. அறிமுகத்தில் ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய், ஜிஎஸ்டியோடு 3,540. பதிலுக்கு 15,000 பாயிண்ட் வரையிலான அறையில் ஓர் இரவு. வாடகை அதைவிடக் கூடுதல், அதனால் லாபம் என்பது அவர்கள் கணக்கு.

கார்டு இல்லாவிட்டால் அந்த அறைக்குக் கைக்காசு கொடுத்திருப்பீர்களா? மாட்டீர்கள் என்றால் அது மிச்சம் இல்லை, 3,540 ரூபாய் செலவு.

சரி, பாயிண்ட் சேருமே? சாதாரணச் செலவில் 150 ரூபாய்க்கு 2 பாயிண்ட் என்றுதான் அறிவித்தார்கள். 15,000 பாயிண்ட் சேர 11,25,000 ரூபாய் தேய்க்கணும். அதற்குள் அறையின் பாயிண்ட் விலையே ஏறலாம். நிலையான பாயிண்ட் பட்டியலை மேரியட் 2022லேயே தூக்கிவிட்டது.

நானும் வேறொரு ஓட்டல் கார்டு வைத்திருந்தேன். இலவச இரவு காலாவதியாகுதேன்னு, ஊருக்குப் போக வைத்திருந்த லீவை அங்கே கழித்தேன். சாப்பாடு, டாக்ஸி என்று ஏழாயிரம் ஆச்சு. "நீ வருவேன்னு மாவு ஆட்டி வெச்சிருந்தேன்டா" என்றாள் அம்மா.

எப்படியும் அங்கே காசு கொடுத்துத் தங்குகிறவர் வாங்கட்டும். மற்றவர்கள் லீவை எங்கே கழிப்பது என்ற முடிவை ஒரு கார்டிடம் கொடுக்காதீர்கள்.