காவல்காரனும் கைதட்டலும்

தமிழ்த் திரைப்படத்தைப் பற்றி எழுதப் புகும் நம்மவர், அதன் காதற் பாட்டையும் கண்ணீரையும் கண்டிப்பதோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். குடும்பத்தோடு இருந்து பார்த்து, சிரித்து, மறந்துவிடும் பொழுதுபோக்குப் படங்கள் ஆராய்ச்சிக்குரியன அல்ல என்பது கற்றோரிடையே நிலவும் எண்ணம். இவ்வெண்ணம் தவறானது. சிந்தித்து ஏற்கும் கருத்தினும் சிரித்துக்கொண்டே ஏற்கும் கருத்து நெஞ்சில் ஆழமாக இறங்கும். அத்தகைய படமொன்றையும், அதற்கு யாழ்ப்பாணத்தவராகிய நாம் தட்டிய கையையும் மீள நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1967 செப்ரெம்பரில் வெளிவந்த ‘காவல்காரன்’ என்னும் படத்தை அண்மையில் வீட்டிலிருந்து மீண்டும் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. சத்யா மூவீஸ் தயாரிப்பில் ப. நீலகண்டன் இயக்கிய படம் அது. அவ்வாண்டு ஜனவரியில் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காகிக் குரல் பாதிப்புற்ற எம். ஜி. ஆர்., அந்த மாறிய குரலோடு இரசிகர் முன் தோன்றிய படங்களுள் ஒன்று என்பதும் அதன் சிறப்பு. கதை எளியது. மாறுவேடமிட்ட பொலிஸ் அதிகாரியொருவன் செல்வந்தர் வீட்டிற் கார்ச்சாரதியாக அமர்கிறான். அவ்வீட்டுப் பெண் அவனைக் காதலித்து மணம் புரிகிறாள். கணவன் போக்கிலே மர்மம் இருப்பதைக் கண்டு ஐயுறுகிறாள். சண்டையும் பாட்டும் சிரிப்புமாகக் கதை வளர்ந்து, ஈற்றில் அவன் யாரென்பது வெளிப்பட, ஐயம் நீங்கி யாவும் நலமாய் முடிகின்றன.

படம் இன்றும் சுவை குன்றாமலே இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எம். ஜி. ஆரின் சுறுசுறுப்பும், ஜெயலலிதாவின் துடுக்கும், விசுவநாதனின் இசையும் அரைநூற்றாண்டு கடந்தும் வாடவில்லை. நானும் சிரித்தேன். ஆனால் என் பக்கத்தில் இருந்து பார்த்த சிறுவன் ஒருவன், “அம்மம்மா, இவர் நல்ல சி.ஐ.டி.யோ, கூடாத சி.ஐ.டி.யோ?” என்று கேட்டான். அவள் திரையைப் பார்த்தபடியே, “படத்தில வாறவர் நல்லவர்தான் ராசா” என்றாள். அதன்பின் என்னாற் சிரிக்க முடியவில்லை. படத்தில் வருபவர் நல்லவர் என்றால் படத்தில் வராதவர் யார்? இவ்வினாவை எழுப்பாமலே எத்தனை தலைமுறை கைதட்டியிருக்கிறோம்!

இவ்வகைப் படங்களின் அடித்தளத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். கதாநாயகன் பொய்ப்பெயரில் ஒரு வீட்டினுள் நுழைகிறான். அவ்வீட்டாரின் நம்பிக்கையைப் பெறுகிறான். ஒரு பெண்ணின் அன்பைப் பெறுகிறான். அவளுக்கு உண்மையைச் சொல்லாமலே கணவனாகிறான். இவற்றுள் ஒவ்வொன்றையும் வேறொருவன் செய்திருந்தால் அவனை வஞ்சகன் என்போம். நாயகனை மட்டும் நாம் அவ்வாறு அழைப்பதில்லை. ஏனெனில் இறுதிக் கட்டத்தில் அவன் பொலிஸ் அதிகாரி என்பது தெரியவருகிறது. சட்டைப்பையிலிருந்து வெளிவரும் அடையாள அட்டை, நடந்து முடிந்தவை அனைத்தையும் பின்னோக்கிச் சென்று புனிதப்படுத்திவிடுகிறது. மனைவியின் ஐயம் நியாயமானது. ஆயினும் படம் அதனைப் பெண்ணின் பேதைமையாக்கி நகைப்பிற்கு இடமாக்குகிறது. உண்மையைக் கண்டவள் அவளே. அசடாகி நிற்பவளும் அவளே.

இது ஒரு படத்தின் குற்றமன்று. ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) ஜெய்சங்கரையும், ‘ராஜா’ (1972) சிவாஜி கணேசனையும் இதே பாதையில் நடத்தின. ‘காவல்காரன்’ எடுத்த அதே சத்யா மூவீஸ், 1985இல் ‘காக்கிச் சட்டை’யில் கமல்ஹாசனைக் குற்றக் கும்பலொன்றினுள் உளவாளியாக அனுப்பிற்று. 2007இல் வந்த ‘போக்கிரி’யில் இக்கதை உச்சத்தை எட்டியது. அதிலே விஜய் ஏற்ற பாத்திரம் படம் முழுவதும் கூலிக்குக் கொலை செய்யும் அடியாளாகவே உலவுகிறது; காதலி மனம் வெதும்புகிறாள்; இடையிடையே வடிவேலு சிரிக்கவைக்கிறார்; முடிவில் அவன் பொலிஸ் அதிகாரி என்று தெரிந்ததும், அதுவரை விழுந்த பிணங்கள் யாவும் கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றன. விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. சீருடை ஒன்றே தீர்ப்பு. நாற்பது ஆண்டுகளில் வளர்ந்தது தொழில்நுட்பமேயன்றி அறவுணர்வு அன்று.

மாறுவேடமும் ஒற்றும் நம் மரபிலே உள்ளவைதாமே, திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே உண்டே எனச் சிலர் வாதிடக்கூடும். உண்டு; ஆனால் அதனை அவர்கள் முழுதும் படித்தல் நன்று. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தாலன்றித் தெளியலாகாது என்கிறார். ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யலாகாது என்றும் கூறுகிறார். மறை வெளிப்பட்டுவிடும் என்பதே அதற்கு அவர் காட்டும் காரணம் என்பது உண்மைதான். ஆயினும் ஒற்றனைச் சோதனைக்கு உட்படாத வீரனாக அவர் எங்கும் நிறுத்தவில்லை. அவனை நம்பாதே என்பதிலிருந்தே அவர் தொடங்குகிறார். நம் திரைப்படமோ அவனை மட்டும் நம்பு என்று முடிக்கிறது.

தமிழகத்து இரசிகன் இப்படத்தைக் கண்ட சூழல் வேறு என்பதையும் மனங்கொள்ள வேண்டும். 1965இல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டை அவன் கண்டிருந்தான். 1967 மார்ச்சில் அவன் வாக்களித்த தி.மு.க. ஆட்சி ஏறியது, எம். ஜி. ஆரும் பரங்கிமலைத் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்றார். ஆறு மாதங்களின் பின் அவரே காவல்காரனாகத் திரையிலே தோன்றினார். படத்தின் நோக்கம் அதுவென்று கூற நான் துணியேன். எனினும் காவல்துறை இனி நம்முடையது என்ற நிறைவோடு அவன் கைதட்டியிருந்தால் அதற்கு ஒரு நியாயமுண்டு.

நமக்கு என்ன நியாயம் இருந்தது? 1974 ஜனவரி 10ஆம் நாள், நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிக் கூட்டத்தினுள் இந்நகரிலே பொலிஸார் புகுந்தனர், உயிர்கள் பலியாயின. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றாண்டுகளுக்கான தற்காலிக ஏற்பாடாக வந்தது, 1982இல் நிரந்தரமாயிற்று. உயர்தரப் பொலிஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலமே நீதிமன்றத்திற் சான்றாக ஏற்கப்பட்டது. வழக்கின்றிப் பதினெட்டு மாதங்கள் தடுத்துவைக்க முடிந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமே அக்காலத்தைப் பன்னிரண்டு மாதங்களாகக் குறைத்தது. இச்சூழலில் சிவிலுடையில் வாசலுக்கு வந்தவன் அடையாள அட்டை காட்டியதில்லை. சுற்றிவளைப்புக்களின்போது முகம் மூடி இருந்து தலையசைத்தவனைத் ‘தலையாட்டி’ என்றழைத்தோம். அவன் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. அவன் தலையசைவுக்கு அகப்பட்டவன் எங்கே என்பதும் தெரியவில்லை. இவ்விடத்தில் நேர்மை கருதி மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். மறைந்திருந்து பார்த்தவர்கள் அரசின் ஆட்கள் மட்டும் அல்லர். இயக்கங்களும் உளவுப் பிரிவுகள் வைத்திருந்தன. அவர்கள் கொண்டுசென்றவர்களுக்காகவும் வாசலிற் காத்திருந்த தாய்மார் உண்டு.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் பின்னர் வேறிடங்களிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தெருவோரத்தில் அமர்ந்து தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்காய் நீண்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட காணாமற்போனோர் அலுவலகமும் அவர்களின் கேள்விக்கு நிறைவான விடை தரவில்லை. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: கொண்டுபோனவன் யார்? திரைப்படத்தின் இறுதிக் காட்சி தரும் அந்த விடையைத்தான் அவர்களும் கேட்கிறார்கள். அவர்களுடைய கதைக்கு இறுதிக் காட்சி இன்னும் வரவில்லை.

இது போர் கண்ட மண்ணின் தனிக்குறை என்று கருதுவோர் மக்களாட்சியின் தாய்வீடு எனப்படும் பிரித்தானியாவை நோக்குக. ‘காவல்காரன்’ வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டு, 1968இல், வியட்நாம் போர் எதிர்ப்பு ஆர்ப்பாட்டங்களையடுத்து இலண்டன் மாநகரப் பொலிஸ் இரகசியப் பிரிவொன்றை அமைத்தது. அதன் அதிகாரிகள் பொய்ப்பெயருடன், சில வேளை இறந்த குழந்தைகளின் பெயரைச் சூடிக்கொண்டு, சமூக இயக்கங்களுள் நுழைந்தனர். அவருட் சிலர் பெண்களோடு பல்லாண்டு உறவு பூண்டனர். குழந்தை பெற்றோரும் உண்டு. பின்னர் ஒருநாள் மறைந்தனர். உண்மை வெளிவந்தபோது அப்பெண்கள் சிரிக்கவில்லை. 2015இல் பொது விசாரணை நிறுவப்பட்டது; அவ்வாண்டு நவம்பரில் பொலிஸ் தலைமையகம் ஏழு பெண்களிடம் மன்னிப்புக் கோரியது. 2021இல் நீதி மன்றமொன்று, இவ்வாறு வஞ்சிக்கப்பட்ட ஒரு பெண்ணின் மனித உரிமைகள் மீறப்பட்டன எனத் தீர்ப்பளித்தது. நம் படத்தின் இன்ப முடிவு, அங்கே வழக்கின் தொடக்கமாயிற்று.

பொழுதுபோக்கிற்கு இத்தனை பாரம் ஏற்றலாமா என்று கேட்கப்படும். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளியிட்ட தமிழ்ச் சினிமா பற்றிய ஆய்வில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்த முதலாவது கலையரங்கு சினிமாக் கொட்டகையே என்றார். சாதி வேலிகள் நிறைந்த இக்குடாநாட்டில் அதன் பெறுமதி சிறிதன்று. அவ்வாறு ஒன்றாயமர்ந்த மக்கள் எதைக் கண்டு ஒன்றாய்க் கைதட்டினர் என்று கேட்பது பாரமன்று, கடமை. இப்படங்களைத் தடைசெய்க என நான் கூறவில்லை. தடையும் தணிக்கையும் எவர் கையிற் போய்ச் சேரும் என்பதை இம்மண் நன்கறியும். எம். ஜி. ஆரை வெறுக்கவும் சொல்லவில்லை. நாவலப்பிட்டியிற் பிறந்த அக்குழந்தையை நம்மவன் என்று கொண்டாடியோர் இங்கு ஏராளம்.

நான் வேண்டுவது ஒன்றே. மறைந்திருந்து பார்ப்பவனின் கண்ணாற் கண்டது போதும்; அவனாற் பார்க்கப்பட்ட வீட்டின் கண்ணாலும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஐயுற்ற மனைவியின் பக்கம் நின்று அக்கதையை மீளச் சொல்ல வேண்டும். ‘பொன்மணி’யும் (1977) ‘வாடைக்காற்று’ம் (1978) தந்த இந்நாட்டுக்கு, யாழ்ப்பாணத்து முற்றமொன்றிற் கமெராவை நிறுத்தும் ஆற்றல் இல்லாமற் போகவில்லை. அத்தகைய படம் வரும்வரை, நாயகன் அட்டையை எடுத்துக் காட்டும் கட்டத்தில் நம் கைகள் சற்றே தயங்கட்டும். அம்மம்மாவிடம் சிறுவன் கேட்ட வினாவுக்கு நாமும் விடை சொல்லவேண்டியவர்களே. படத்தில் வராதவரைப் பற்றி அவனுக்கு என்ன சொல்லப்போகிறோம்?