எடைக்கல்லைக் காட்டுங்கள்!

“நான் ஆராய்ச்சியாளன், எனக்கென்று கொள்கை ஏதுமில்லை” என்பார் சிலர். தோழர்களே! எடைக்கல்லைத் துணியால் மூடிக்கொண்டு நிறுக்கும் கடைக்காரரை நம்புவோமா?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலையை ஆராய, சுவீடன் நாட்டு அறிஞர் குன்னர் மிர்தாலைத் தேடிப் பிடித்தது கார்னகி அறநிறுவனம். வெளிநாட்டார், ஆகவே நடுநிலையாளர் என்பது எண்ணம். 1938-இல் வந்தார், ஆராய்ந்தார், 1944-இல் நூலை வெளியிட்டார். அதில், பற்றற்றவன் என்று அவர் பசப்பினாரா? இல்லை! சுதந்திரம், சமத்துவம், சமவாய்ப்பு என அமெரிக்கா வாயாரப் போற்றும் கொள்கைகளே தம் எடைக்கல் என அறிவித்தார். பிறகே நிறுத்தார். வாய்ச்சொல்லுக்கும் வாழ்வுக்கும் உள்ள பிளவு வெட்டவெளிச்சமாயிற்று! பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என 1954-இல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்சநீதிமன்றம், அடிக்குறிப்பில் அந்நூலையும் சுட்டியது.

எதை ஆராய்வது, யாரைக் கேட்பது, எதை விடுவது? ஒவ்வொன்றிலும் கொள்கை உண்டு. கொள்கை இருப்பது குற்றமன்று. அதை மறைப்பது குற்றம். கொள்கைக்காகக் கணக்கைத் திருத்துவதோ பெருங்குற்றம்! அது நமக்குக் கசக்கும் கணக்காயினும் சரியே.

இனி எவரேனும் “ஆய்வு சொல்கிறது” என்றால், அடக்கத்தோடு, ஆனால் அழுத்தமாகக் கேளுங்கள்: “எடைக்கல் எங்கே, ஐயா?”