நகத்தைப் பிடுங்கும் முன் ஒரு எக்ஸ்ரே எடுங்க!

யுனெஸ்கோ பட்டியலில் 2025 ஜூலையில் இடம்பிடித்த செஞ்சிக் கோட்டையில், ராஜகிரி படிகளில் இறங்கும்போது கால் கட்டைவிரல் ஷூ முனையில் இடித்துக்கொண்டே வரும். மறுநாள் நகம் வலித்தால், 'ஷூ கடிச்சிருக்கும், சரியாப் போயிடும்' என்பார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடும். ஆனால், நகத்துக்கடியில் கல் மாதிரி ஒரு மேடு வளர்ந்து நகத்தையே தூக்கினால்?

அது 'சப்அங்குவல் எக்ஸோஸ்டோசிஸ்' ஆக இருக்கலாம். விரல் நுனி எலும்பிலிருந்து முளைக்கும் வளர்ச்சி, புற்றுநோய் அல்ல. பதின்வயதினருக்கும் இருபதுகளில் இருப்பவர்களுக்கும்தான் அதிகம், அதுவும் பெரும்பாலும் கட்டைவிரலில். பழைய அடி, தொடர் உரசல் ஆகியவற்றின் மீது சந்தேகம் உண்டு, காரணம் உறுதியாகவில்லை. ஒருமுறை கோட்டை ஏறியதால் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

உண்மையான சிக்கல், இதை வேறொன்றாக நினைப்பதுதான். மரு என்று ஆசிட் வைப்பார்கள். பூஞ்சை என்று மாதக்கணக்கில் மாத்திரை ஓடும். கடைசியில் 'நகம் உள்ளே வளர்ந்திருக்கு' என்று நகத்தையே பிடுங்குவார்கள். நகம் திரும்ப முளைக்கும், எலும்பு அங்கேயேதான் இருக்கும். ஒரு எக்ஸ்ரேயில் முடிய வேண்டிய விஷயத்துக்கு இவ்வளவு அலைச்சல் அநியாயம். மேடு கெட்டியாக இருந்தால் முதல் பரிசோதனையே எக்ஸ்ரேயாக இருக்க வேண்டும். மற்ற விரல்கள் மறைக்காமல், கட்டைவிரலைப் பக்கவாட்டிலும் எடுக்க வேண்டும். மேலிருந்து மட்டும் எடுத்தால் தவறவிட வாய்ப்புண்டு. குருத்தெலும்பாகவே இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். மேடு வளர்ந்தால் மறுபடி எடுக்கணும்.

வலி இல்லையென்றால் கவனித்துக்கொண்டு காத்திருக்கலாம். வலித்தால் அறுவை சிகிச்சைதான் வழி. விரலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நகப்படுகையைக் காப்பாற்றியபடி வளர்ச்சியை அடியோடு சுரண்டி எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். அடிப்பகுதி மிச்சமிருந்தால் திரும்ப வளரும். எடுத்த திசுவை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்க. நகத்தடியில் கறுப்புப் பட்டை அகலமானாலோ, புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ காத்திருக்கவே கூடாது. மெலனோமா என்ற புற்றுநோயும் இப்படித் தோன்றலாம்.

செஞ்சிக்காரர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுச்சேரி ஜிப்மரும் எட்டும் தூரம்தான். கேட்க வேண்டியது எலும்பு மருத்துவத் துறை. நகம் முழுசாக வளர ஓராண்டுக்கு மேல் ஆகும். அதுவரை முனை அகலமான செருப்பு போதும்.